சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது

கொட்டாரம் ஊரில் நான் குடியிருந்த லைன் வீட்டின் கதவிடுக்கில் ஒருநாள் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. "உங்களைத் தேடி ஒருவர் வந்தார். பெயர் _______ராஜ். பாட்டு விஷயமாகப் பேச வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை _______ மணிக்கு மறுபடி வருவாராம்." கோடு போட்ட இடங்களில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கையெழுத்து பக்கத்து வீட்டு அக்காவுடையது.

நேரே போய்க் கேட்டேன். "எக்கா, செல்வராஜா இருக்குமோ?"

"இருக்கலாம்."

"இல்ல தங்கராஜா?"

"அதுவும் இருக்கலாம். ஜெபராஜ், பால்ராஜ்னு ஊருல எத்தனையோ ராஜ் கெடக்கான். அந்த ஆளு வண்டிய ஆஃப் பண்ணாம நின்னு பேசினான். ராஜுன்னு முடிஞ்சது கேட்டுது. முன்னால உள்ளத வண்டி முழுங்கிட்டுது."

"ஒரு ஊகமா எழுதியிருக்கலாம்லா?"

"ஊகத்த நீ எழுதிக்க தம்பி. நான் கேட்டத எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினார்.

அக்காவின் பெயரை நான் இங்கே போடப்போவதில்லை. அது வெறும் இடமாகவே இருக்கட்டும். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, அதே மாதிரி வேலையை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தார். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தேசத்து டாக்டர்கள், நோயாளியைப் பார்த்த கையோடு அவனுடைய விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் கிடக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அதைக் கடிதமாக அடித்து அனுப்புவார். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. காதில் விழாததை எழுதக் கூடாது, கோடு போட்டு இடம் விட வேண்டும். மேலே இருக்கிறவர்கள் டாக்டரிடமே கேட்டு நிரப்பிக்கொள்வார்கள். இடம் அதிகமாக விட்டால் வேலை தெரியாதவள் என்று பெயர் வரும் என்பதால், மற்றவர்கள் குத்துமதிப்பாக எதையாவது அடித்துவிட்டுப் போவார்களாம். அக்கா போகமாட்டார். மருந்தின் அளவை ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன கதையை எனக்குச் சொல்லியிருக்கிறார். பதினைந்தா ஐம்பதா என்று பத்துத் தடவை பெடலை மிதித்துக் கேட்டும் தெளியவில்லையாம்.

"அங்கன ஒரு கோட்டப் போட்டு விட்டேன். நான் இங்க இருந்து நெறச்சா, அங்க ஒருத்தன் அத முழுங்குவான், கேட்டியா."

கொஞ்ச காலமாக அந்த வேலையை முதலில் மிஷின் கேட்டு அடித்துவிடுகிறது, மனிதர்கள் திருத்தினால் போதும் என்று வந்திருந்தது. அந்த மிஷின் மேல் அக்காவுக்கு ஆகாது. "அது வெறும எடமே விடாது தம்பி. கேக்கல்லன்னு சொல்ல அதுக்கு வெக்கம். வாய்க்கு வந்தத அடிச்சு வெச்சிருக்கும்" என்பார்.

வேலையில் மட்டும்தான் இப்படி என்றால் பரவாயில்லை. திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம் இரண்டு வருஷம் அக்கா கையில் இருந்தது. செயலாளர் அம்மாளுக்கு ஆஸ்துமா. பாதிப் பேச்சு இருமலில் போய்விடும். அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்து வாசித்தார்: "அசன விருந்துக்கு அரிசி போதாது என்று செயலாளர் கூறினார்கள். அதன்பின் கூறியது கேட்கவில்லை." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். செயலாளர் அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன சொல்லியிருப்பேன்னு ஒனக்குத் தெரியாதாட்டி?"

"தெரியும். ஆனா கேக்கல்ல."

மறுவருஷம் புத்தகம் வேறொருத்தி கைக்குப் போனது. அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் அரைகுறையாக விழுந்த வம்பை அவரிடம் கொண்டுவந்து பொருத்திப் பார்க்க முயல்வார்கள். "எனக்குப் பாதிதான் கேட்டுது. மிச்சத்த நீங்களே போட்டுக்கிடுங்க" என்று கழற்றிவிடுவார். அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான்.

நான் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்கிறவன். பாடகர் குரல், தபலா, கீபோர்டு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டு வருவதை அளவாகச் சேர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கிறிஸ்தவப் பாட்டு, கோயில் கொடைக்குப் போடும் பாட்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பாட்டு எது வந்தாலும் செய்வேன். கூடவே ஒரு யூடியூப் சேனல். விலை குறைந்த ஸ்டூடியோ சாமான்களை வாங்கிப் பார்த்தும், இரவல் வாங்கிப் பார்த்தும், எது தேறும் எது தேறாது என்று தமிழில் சொல்லுவேன். "உள்ளதை உள்ளபடி" என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் வைத்திருந்தேன். இப்போது அந்தப் பெயரை எழுதும்போது கை கூசுகிறது.

குடிவந்த மூன்றாம் நாளே அக்கா வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து போட்ட பாட்டுல, ரெண்டாவது சரணம் முடியும்ப டும்முன்னு ஒண்ணு வருது. அது வரும்பல்லாம் எனக்க டாக்டர் சொல்லது முழுங்கிப்போவுது. நேத்து மட்டும் நாலு எடம் விட்டேன். பாட்ட நிறுத்தச் சொல்லல்ல. எனக்க வேலை ஒரு மணிக்கு முடியும். அதுக்குப் பெறவு போட்டா கொள்ளாம்."

அன்றிலிருந்து மத்தியானத்துக்கு மேல்தான் நான் சத்தம் வைப்பது என்று ஏற்பாடு. அந்த "டும்" பற்றி அவர் சொன்னது சரி. என் பழைய ஸ்பீக்கரின் முதுகில் ஓட்டை. அதிலிருந்து வரும் அடிச்சத்தம் சுவரில் மோதி எனக்கு ஒரு விதமாகவும் அக்காவுக்கு ஒரு விதமாகவும் கேட்டது. நான் குறைவு என்று நினைத்து ஏற்றி வைப்பேன், காரில் போட்டுப் பார்த்தால் கண்ணாடி அதிரும். பிறகு அக்காவையே கேட்கத் தொடங்கினேன். கடியப்பட்டணத்துப் பையன்கள் பாடிய ஒரு பாட்டை மூன்று நாள் உருட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா கீரைக்குழம்பு கொண்டுவந்தவர் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "பாடுகவன்மாருக்க பின்னால ஒருத்தன் மூச்சிழுக்கது கேக்குது. பாட்டு நல்லா இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாது." போய்ப் பார்த்தால், ஒரு தடத்தில் மூச்சுச் சத்தம் இருந்தது. மூன்று நாளும் என் காதில் அது விழவே இல்லை.

அப்படிப்பட்ட காதை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

புது வகை ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்னிடம் வந்தது. சாதாரண ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தத்துக்கு மேலே ஒன்று, அடிச்சத்தத்துக்குக் கீழே ஒன்று என்று இரண்டு வாய் இருக்கும். இதில் பெரியதன் நடுவிலேயே சின்னது உட்கார்ந்திருக்கும். இரண்டு சத்தமும் ஒரே இடத்திலிருந்து புறப்படும். கோஆக்சியல் என்பார்கள். அதோடு கார்டியாய்டு. அதாவது சத்தம் முன்பக்கம் மட்டும் பரவும். பின்னால் போகிறதை, பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக வரும் இன்னொரு சத்தம் அடித்து அமர்த்திவிடும். இது இரண்டும் சேர்ந்த சாமானைப் பெரிய ஸ்டூடியோக்களில் எட்டி நின்று பார்த்ததோடு சரி. இப்போது என்னைப் போன்றவன் வாங்குகிற விலையில் வந்திருந்தது. சென்னையில் ஒரு விற்பனையாளர், ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொடுத்திருந்தார். தமிழில் வேறு யாரும் அதைப் பற்றிப் பேசுவதற்குள் நான் பேசிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

சுவரை ஒட்டி வைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. ஒட்டியே வைத்தேன். அது எங்கள் இருவருக்கும் பொதுவான சுவர். அக்காவை அழைத்து வந்து நடுவில் உட்காரவைத்துக் கேமராவையும் ஓடவிட்டேன்.

"பாடுகது எங்கன நிக்கி எக்கா?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நடுவுல. மேசைக்கு ஒரு சாண் மேல."

"எந்திரிச்சு நின்னு கேளுங்க."

எழுந்தார். ஜன்னல் பக்கம் இரண்டு அடி நகர்ந்தார். தரையிலும் உட்கார்ந்து பார்த்தார். "அவ அங்கனயேதான் நிக்கியா. மத்த ஸ்பீக்கருல நான் எந்திரிச்சா அவளும் கூட எந்திரிப்பா."

கோஆக்சியலின் பலன் என்ன என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மேசையை இழுத்து வைத்து, ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் போய் நின்று கேட்கச் சொன்னேன். "கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுகது போல இருக்கு" என்றார். கார்டியாய்டும் தேறியது. மேசையைப் பழையபடி சுவரோடு தள்ளிவைத்தேன். கடைசிச் சோதனைக்கு அவரை அவர் வீட்டுக்கே அனுப்பி, அவர் வேலை செய்கிற நாற்காலியில் உட்காரவைத்தேன். பாட்டை ஓடவிட்டுவிட்டு நானும் போனை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அக்கா காலைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "பாட்டு கேக்கல்ல. ஆனா தரைக்குள்ள ஒரு முக்கல் இருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பொறுமையும் இல்லை, செருப்புக் காலோடு வாசற்படியில்தான் நின்றிருந்தேன். அன்று சாயங்காலம் வீடியோவை வெட்டி ஒட்டும்போது, "பாட்டு கேக்கல்ல" என்பதோடு அக்காவை நிறுத்திவிட்டேன். அக்காவுக்கு எதிலும் ஒரு குறை சொன்னால்தான் திருப்தி, வயதானவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சோற்றில் மறைக்கிறது முழுப் பூசணிக்காய் என்று அப்போது தெரியவில்லை. ஒரு சின்னத் துண்டு என்றுதான் நினைத்தேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்கு முன் நான் போட்ட எதுவும் அப்படி ஓடியதில்லை. "அந்த அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். விற்பனையாளர் போன் செய்து, ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தைரியத்தில் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். பின்பக்கம்தான் சத்தம் போகாதே. மத்தியானம் வரை காத்திருக்கிற ஏற்பாட்டை அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடித்துவைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா வந்தார்.

"தம்பி, காலையில சத்தம் வெக்கியா?"

"வெக்கேன் எக்கா. உங்களுக்குத்தான் கேக்காதே."

"பாட்டு கேக்கல்ல. அந்த முக்கல் இருக்கு. ஹெட்போனுக்குள்ளயும் வருது. எடம் கூடுதலாப் போவுது."

நான் போனில் சத்தம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். சுவரில் வைத்துக் காட்டினேன். என் அறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, மீட்டரில் எண் அசையவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு வந்து மறுபடி காட்டினேன். அதே எண்தான் நின்றது.

"பாத்தேளா எக்கா. ஒண்ணுமே இல்ல. மீட்டர் பொய் சொல்லாது. சும்மா ஒருக்க காதக் காட்டிருங்க. முப்பது வருசமா ஹெட்போன் மாட்டின காதுல்லா."

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அக்கறையாகச் சொன்னேன், அதுதான் இன்று நினைத்தால் பொறுக்கவில்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அக்கா என்னை நம்பியிருக்க மாட்டார்.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை அவர். நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனார். கேட்கும் திறனில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இல்லாத இரைச்சல் கேட்பது இந்த வேலையில் உள்ளவர்களுக்கு வருவதுதான் என்று சொல்லி அனுப்பினார்களாம். திரும்பி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். கையில் குடை, செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"கேக்காமப் போனா வெறும எடம் விடலாம் தம்பி. இல்லாதது கேட்டா நான் என்னத்த விட?"

கொஞ்ச நாள் ஓய்வெடுங்க எக்கா என்று சொன்னேன்.

அவர் எடுத்தது ஓய்வு இல்லை. வேலையை விட்டுவிட்டார். இல்லாத சத்தத்தைக் கேட்கிற காது, டாக்டர் சொல்லாத மருந்தையும் கேட்கக்கூடும் என்பது அவருடைய நியாயம். அவ்வளவு நாள் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் கோடு போட்டு விட்டவர், தன் காதுக்கே ஒரு கோட்டைப் போட்டார். வேலை இல்லாமல் தனியாக வாடகை வீடு எதற்கு என்று அவருடைய கூடப்பிறந்த தம்பி தக்கலைக்குக் கூப்பிட்டார். சாமான் ஏற்ற லாரிக்கும் சொல்லியாகிவிட்டது.

லாரி வர இன்னும் பதினோரு நாள் இருந்தது. அன்று என் வீடியோவின் கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: இந்த வகை ஸ்பீக்கரில் ஆழமான அடிச்சத்தம் மட்டும் நாலாபக்கமும் போகுமே, பின்சுவரில் அளந்து பார்த்தீர்களா, மீட்டரை எந்தக் கணக்கில் வைத்து அளந்தீர்கள்?

மீட்டரில் இரண்டு கணக்கு உண்டு. ஏ என்ற கணக்கு ஆழமான சத்தத்தை ஏறக்குறைய விட்டுவிடும். சி என்ற கணக்கு அதையும் சேர்த்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல, நானே இதைப் பற்றி வீடியோ போட்டவன். போனை எடுத்துப் பார்த்தேன், ஏ-யில் கிடந்தது. சி-க்கு மாற்றி, பாட்டைப் போட்டுச் சுவரில் வைத்தேன். எண் துள்ளியது. கம்பெனி மேல் குற்றமில்லை, பெட்டியோடு வந்த புத்தகத்தில் அடிச்சத்தத்தைப் பற்றி எழுதியே இருந்தது. நான்தான் மேசையைச் சுவரில் முட்டவைத்து, அந்த முக்கலை இன்னும் பெருக்கி அக்காவின் காலடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பாட்டை ஓடவிட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், செருப்பைக் கழற்றிவிட்டு. அவர் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். வேலை நாற்காலி இருந்த இடத்தில் போய் நின்றேன். உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு காதிலும் கேட்டது. தரைக்குள் ஒரு முக்கல். அக்கா சொன்ன சொல்லைத் தவிர அதற்கு வேறு சொல் இல்லை.

அக்கா பேப்பரை மடக்கியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு ஏதும் கேக்குதா தம்பி?"

கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மீட்டரைச் சொல்ல வேண்டும், வெட்டிய வீடியோவைச் சொல்ல வேண்டும், ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்ப வேண்டும், "உள்ளதை உள்ளபடி" என்று இனி வாயைத் திறக்க முடியாது. இத்தனையும் ஒரே நொடியில் மனதில் ஓடியது. நான் நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

"இல்லியே எக்கா."

"எனக்கு இப்பமும் கேக்குது" என்றார். பேப்பரில் ஒரு தட்டை வைத்துச் சுற்றினார்.

பதினோரு நாளும் அவரைப் பார்க்காமல் ஒளிந்தேன். மேசையை மட்டும் சுவரிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு, காலையில் சத்தம் வைப்பதையும் நிறுத்தினேன். முக்கல் நின்றதும் அக்கா அதைத் தன் காது தேறுகிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார். வேலையை விட்டதால் வந்த சுகம் என்றுகூட நினைத்திருக்கலாம். நானாக அவர் வாசலுக்குப் போகவில்லை.

லாரி வந்த அன்று தப்ப முடியவில்லை. கட்டில் ஏற்ற ஆள் போதவில்லை என்று நானும் ஒரு பக்கம் பிடித்தேன். எல்லாம் ஏற்றியான பிறகு அக்கா கேட்டார்:

"எனக்க தம்பிக்க மொவன் அந்த வீடியோவக் காட்டினான். நான் அன்னைக்கு ரெண்டு சொன்னேன். ஒண்ணுதான் இருக்கு."

"ரெண்டாவது சொன்னது சரியாப் பதியல்ல எக்கா."

அவர் கோபப்படவில்லை. வேலை தெரியாதவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார். "அப்பம் அங்கன ஒரு வெறும எடம் விட்டிருக்கணும், மக்கா."

இரண்டு வருஷம் போனது. அந்த ஸ்பீக்கரில்தான் இன்றும் வேலை செய்கிறேன். நல்ல ஸ்பீக்கர், அதில் ஒன்றும் பொய் இல்லை. வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சில் அந்த முக்கல்தான் கேட்டது. தாங்கமாட்டாமல் போன மாதம் ஒருநாள் காலை தக்கலைக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா மெலிந்திருந்தார். தம்பி மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அடுக்களையில் குக்கர் இருந்தது. மூன்று விசில் வந்ததும் அதை அணைப்பது அக்காவின் பொறுப்பு. எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது முதல் விசில் வந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இப்பம் விசிலு வந்துதா?"

வந்துது எக்கா என்றேன். "அதான். யாருகிட்டயாவது ஒருக்க கேட்டுக்கிடுவேன்" என்று சொல்லி, கையில் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். காலிங் பெல் அடித்தாலும், போன் மணி அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பாராம். யாரும் இல்லையென்றால் எழுந்திருக்க மாட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் சொல்லத் தொடங்கினேன். வீடியோவை வெட்டியதைச் சொன்னேன். மீட்டரைத் தப்பான கணக்கில் வைத்ததைச் சொன்னேன். முக்கல் இருந்தது, உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை, அது முழுக்க என் தப்பு என்று சொன்னேன். தலையைத் தூக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றிலும் பெரியதையும் சொன்னேன். நீங்கள் போவதற்குப் பதினோரு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும் என்றேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. நீளமாக அடித்தது.

சத்தம் அடங்கியதும் அக்கா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டியதும் இரண்டாவது விரலை மடக்கிக்கொண்டார். அழவில்லை, திட்டவில்லை. நான் சொன்னதை வரிசையாகத் திருப்பிச் சொன்னார், அடித்த கடிதத்தைச் சரிபார்க்கிற மாதிரி.

"வீடியோவ வெட்டினேன்னு சொன்ன. மீட்டர் தப்புன்னு சொன்ன. முக்கல் உள்ளதுதான், எனக்க காதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்ன. கடைசியில ஒண்ணு சொன்ன, அது விசிலுக்குள்ள போயிட்டுது. ஒனக்கு எப்பம் தெரியும்னு சொன்ன?"

ஒரு தடவை சொல்லிவிட்டேன். மறுபடி சொல்ல வேண்டியது அவ்வளவுதான், அதே சொற்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாற்காலி இருந்த இடத்தில் வெறுங்காலோடு நான் நின்றதும், ஒனக்குக் கேக்குதா என்று அவர் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

"நீங்க போனதுக்குப் பெறவுதான் எக்கா."

"அப்பம் அன்னைக்கு ஒனக்கும் கேக்கல்ல."

"கேக்கல்ல."

அக்கா மடக்கிய விரல்களைப் பார்த்தார். "பாட்டுக்காரனுக்க காது. அதுக்கே கேக்கல்ல" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "அப்பம் எனக்கு மட்டும் எப்படிக் கேட்டுது?"

அப்போது மூன்றாவது விசில் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துதா தம்பி?"

வந்தது எக்கா, மூன்றாவது, என்றேன். அந்தப் பொய்க்குப் பிறகு அவரிடம் உள்ளபடி சொன்னது அது ஒன்றுதான். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.